பத்தொன்பது நொடி

இரவு பதினொன்று பத்து. செகந்திராபாத்தின் ஓரத்தில், சைனிக்புரியிலிருந்து லோத்குண்டாவுக்குப் போகிற சாலை. ஒரு பக்கம் ராணுவ நிலத்தின் நீளமான சுவர். மறுபக்கம் யூகலிப்டஸ் மரங்கள். நடுவில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குத் தெருவிளக்கு கிடையாது. இரண்டாயிரத்து ஐந்து, டிசம்பர். நல்ல பனி.

அந்த இருட்டில் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்துகிறார். வண்டியில் கோளாறு ஒன்றுமில்லை. பெட்ரோல் இருக்கிறது. ஓட்டிக்கொண்டு வரும்போதே அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. அதற்குமேல் ஓட்ட முடியவில்லை.

தோடு.

அன்று சாயங்காலம் கடையில், டிவியில் ஒரு தோட்டைப் பார்த்திருந்தார். சின்னப் பெண் குழந்தையின் காதில் சிவப்புக் கல் தோடு. பார்க்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போதுதான் உறைத்தது. அந்தப் படத்தில் அந்தக் குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பின்மண்டையும் இரட்டைப் பின்னலும்தான் தெரியும். காது தெரிய வழியே இல்லை...

இன்ஜினை அணைத்தார். பூச்சிச் சத்தம்கூட இல்லை. அப்போது ஒரு வாசனை வந்தது. மெழுகு வாசனை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கிரேயான் டப்பாவைத் திறந்ததும் வருமே, அந்த வாசனை. சுற்றிப் பார்த்தார். சுவர். மரங்கள். இருட்டு. வாசனை வந்தது அவருக்குப் பின்னாலிருந்து... காலியாக இருந்த பின் சீட்டிலிருந்து.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை மட்டும் திருப்பிக்கொண்டு வந்த வழியே கடைக்குப் போனார்.

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு வேலை பார்க்கிற ஜகதீசனின் அக்கா கணவருக்கு நடந்தது. தேவராஜ் என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பேய் பிசாசு என்று யாராவது பேசினால் எழுந்து போய்விடுகிற ஆள் என்று ஜகதீசன் சொல்வான். இதை அவர் ஒரே ஒரு தடவைதான் ஜகதீசனிடம் சொன்னாராம். மறு தடவை கேட்டதற்கு, "அதை விடு மாப்ள" என்று சொல்லிவிட்டாராம்.

தேவராஜுக்கு சைனிக்புரி கடைத்தெருவில் ஒரு சின்னக் கடை. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர், முதுகுவலி வந்தபிறகு கேமராவைத் தூக்குவதை விட்டுவிட்டார். பழைய கேசட்டுகளை சிடியாகவும் டிவிடியாகவும் மாற்றித் தருவதுதான் வேலை. அந்த வருடங்களில் அதற்கு நல்ல கூட்டம். அமெரிக்காவுக்குப் போன பிள்ளைகளுக்கு அனுப்ப, பூட்டி வைத்திருந்த கேசட்டுகளை எல்லாரும் வெளியே எடுத்துக்கொண்டிருந்த காலம்.

அதில் அவர் கெட்டிக்காரர். படம் தெளிவாக வேண்டுமென்றால் அதை முதல் தடவை ஓட்டும்போதே பிடித்துவிட வேண்டும் என்பார். கேசட்டிலிருந்து வராததை எந்தக் கம்ப்யூட்டராலும் கொண்டுவர முடியாது. காப்பி எடுத்த கேசட் வேண்டாம், கேமராவுக்குள் இருந்த கேசட்டே வேண்டும். ஓட்டுவதற்கு முன்னால் மிஷினைச் சுத்தம் பண்ண வேண்டும். முக்கியமாக, அடிக்கடி ஓட்டக் கூடாது. பழைய டேப் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் அதன்மேல் பூசியிருக்கிற பழுப்புப் பொடி கொஞ்சம் உதிரும். அந்தப் பொடிதான் படம். அது உதிர்ந்தால் உதிர்ந்ததுதான்.

நவம்பர் கடைசியில் ஒரு அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று வயதிருக்கும். கல்பகம் என்று பெயர். அல்வாலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் அனந்தராமன் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் விஞ்ஞானி. சைனிக்புரியிலேயே சொந்த வீடு. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன கேசட் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மேலே நீல மையில், 'அனு பிறந்தநாள் 96'.

அனுபமா அவர்களுடைய ஒரே பெண். அந்த வருடம் ஜூனில் ஆறு வயது முடிந்தது. செப்டம்பரில் காய்ச்சல் வந்தது. மூன்றாவது நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

போட்டோக்கள் நிறைய இருக்கின்றனவாம். வீடியோ இது ஒன்றுதான். பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போய்விட்டது என்று கணவர் அப்போதே சொல்லிவிட்டாராம். பரணைச் சுத்தம் பண்ணும்போது இப்போது கையில் கிடைத்திருக்கிறது.

"முழுசா வேணும்னு கேக்கலை. எவ்வளவு வரதோ அவ்வளவு போதும்," என்றார் கல்பகம். "போட்டோல அசைய மாட்டேங்கறா."

தேவராஜ் அன்று மத்தியானமே ஓட்டிப் பார்த்தார். பூஞ்சையெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் பிறந்தநாளும் இல்லை. ஏதோ ஆபீஸ் ஹால். மேடை, மாலை, பொன்னாடை. ஒரு பெரிய அதிகாரிக்குப் பிரிவுபசார விழா. ஐம்பது நிமிடத்துக்குமேல் அதுவேதான். அது முடிந்து, திரையில் கோடு கோடாக ஓடி... பிறகு ஒரு வீடு வந்தது.

ஒரு நடைவழி. கலர் காகிதத் தோரணம். பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண், முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே நடந்து போகிறாள். பாதியில் நிற்கிறாள். அவ்வளவுதான். அங்கேயே டேப் முடிந்துவிட்டது. பத்தொன்பது நொடி.

கல்பகத்துக்குப் போன் பண்ணினார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு பண்ணவில்லை. வாடிக்கையாளரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"மாமி, கடைசியில பத்தொம்பது செகண்டுதான் இருக்கு. மத்ததுக்கு மேல வேற எடுத்துட்டாங்க. ஏதோ ஆபீஸ் ஃபேர்வெல்."

மறுமுனையில் குக்கர் சத்தம் போட்டு அடங்கியது.

"யார் எடுத்தா?"

"அது தெரியல மாமி. 'அனந்தராமன், நீங்களும் போட்டோவுக்கு வாங்க'ன்னு யாரோ கூப்பிடறாங்க. அப்போ கேமரா ஆடுது."

சொன்னபிறகுதான் தான் சொன்னது என்ன என்று தேவராஜுக்கு உறைத்தது. அவர் வேறு ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். சரி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்பகம் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஒரு மனிதர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. தூங்காத கண். தான்தான் அனந்தராமன் என்றார். உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு தானாகவே சொன்னார்.

அன்றைக்கு டைரக்டருக்குப் பிரிவுபசாரம். கேமரா வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். புதுக் கேசட் வாங்க செகந்திராபாத் வரை போக வேண்டும், நேரமில்லை. பீரோவில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"அடுத்த வருஷமும் பர்த்டே வருமேன்னு நெனச்சேன்," என்றார்.

குழந்தை போனபிறகு கல்பகம் அந்தக் கேசட்டைக் கேட்டார். பூஞ்சை என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டது. அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. ஒன்பது வருடம் ஓடிப்போய்விட்டது. நேற்றிலிருந்து கல்பகம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். சாதம் போட்டாள், மோர் ஊற்றினாள், தட்டை எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் தேவலை என்றார்.

எழுந்திருக்கும்போது அவர் கேட்டது ஒன்றுதான். மிச்சமிருக்கிற பத்தொன்பது நொடியை எவ்வளவு தெளிவாகக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவர வேண்டும். எத்தனை நாள் ஆனாலும் சரி.

தேவராஜ் அதை மனதோடு எடுத்துக்கொண்டார். தன் வாயால்தானே அந்த வீட்டில் இது கிளம்பியது என்ற உறுத்தல் வேறு. முதல் தடவை ஓட்டியதையும் கம்ப்யூட்டரில் பிடித்து வைத்திருந்தார். ஆனால் படம் மங்கல். புள்ளி புள்ளியாக இரைச்சல். மிஷினைக் கழற்றிச் சுத்தம் பண்ண, பக்கத்துக் கடை இர்பானைக் கூப்பிட்டார். இர்பான் டெக், டிவி ரிப்பேர் பண்ணுகிறவன். மிஷினைத் திறந்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காட்டினான். பஞ்சு முழுக்கப் பழுப்புப் பொடி. கேசட்டை மூக்கருகே கொண்டுபோனான். கிரேயான் வாசனை. டேப் கெட்டுப்போகத் தொடங்கினால் அந்த வாசனைதான் வருமாம்.

"இஸ்கூ ஜாஸ்தி நக்கோ சலாவ், பாய்," என்றான். இதை அதிகம் ஓட்டாதே என்று. இன்னும் மூன்று தடவை தாங்கினால் அதிசயம் என்றும் சொன்னான்.

சுத்தம் பண்ணியபிறகு இரண்டாவது தடவை ஓட்டினார். அதுதான் நான் முதலில் சொன்ன அந்த டிசம்பர் சாயங்காலம். கலரைச் சரிபண்ணிக்கொண்டே பார்த்ததால் எதையும் கவனித்துப் பார்க்கவில்லை. படம் நன்றாக வருகிறது என்று திருப்தியாகக் கடையை மூடிவிட்டு, ஏதோ வேலையாகச் சுற்றிவிட்டு, வீட்டுக்குக் கிளம்பினார்.

வழியில்தான் அந்தத் தோடு நினைவுக்கு வந்தது.

கடைக்குத் திரும்பி வந்து ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போனார். முதலில் கம்ப்யூட்டரைத் திறந்தார். முதல் தடவை பிடித்தது... பின்மண்டை, இரட்டைப் பின்னல். இரண்டாவது தடவை பிடித்தது... அதே பின்மண்டை, அதே பின்னல். கொஞ்சம் தெளிவு கூடியிருக்கிறது. தோடு இல்லை. ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தார். எங்கேயும் இல்லை.

அப்படியானால் டிவியில் பார்த்தது?

இர்பான் சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் மனம் கேட்கவில்லை. கேசட்டை மிஷினில் போட்டார். மிஷின் இழுத்துக்கொண்டது. சக்கரம் சுற்றுகிற 'ஹூம்' சத்தம்.

நடைவழி. தோரணம். குழந்தை நடக்கிறாள். நிற்கிறாள்.

தலை திரும்பியிருந்தது... கொஞ்சம். காது தெரிந்தது. சிவப்புக் கல். அதற்கு அந்தப்புறம் கன்னத்தின் ஓரம். ஒரு கண்ணின் இமை மயிர்.

ஒரு சத்தமும் கேட்டது. மிட்டாயை வாயில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு உருட்டினால் பல்லில் பட்டு வருமே... 'டக்'. கொஞ்சம் விட்டு மறுபடி... 'டக்'. தேவராஜ் கையை நீட்டி டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தார். இரைச்சல் நின்றது.

'டக்.'

டேப் முடிந்தது. திரை நீலமானது. கம்ப்யூட்டர் அதையும் பிடித்திருந்தது. திறந்து பார்த்தார். பின்மண்டை. இரட்டைப் பின்னல். வேறொன்றும் இல்லை.

அவருக்குப் பயம் வந்தது. ஆனால் அதைவிட, அழுகை வந்தது என்றுதான் ஜகதீசனிடம் சொன்னாராம். அவருக்கும் ஒரு பெண் உண்டு. நாலாம் வகுப்பு. அந்த நேரத்தில் அவள் லோத்குண்டா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நாலு நாள் அந்தக் கேசட்டை அவர் தொடவில்லை. அவர் மனைவி, அதாவது ஜகதீசனின் அக்கா வசந்தகுமாரிதான், என்ன ஆயிற்று உங்களுக்கு, சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லையே என்று விடாமல் கேட்டு, விஷயத்தை வாங்கினாள். அது அவர்கள் பிள்ளை, அவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் தேவராஜ் அனந்தராமன் வீட்டுக்குப் போனார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகிற அந்த நடைவழி... படத்தில் பார்த்தது அதுதான். தோரணம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஓட்டுகிற ஒவ்வொரு தடவையும் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறாள். டிவியில்தான் தெரிகிறது, கம்ப்யூட்டரில் பதிய மாட்டேன் என்கிறது. டேப் உதிர்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் ஒரு தடவை ஓடும். அதற்குமேல் ஓடுமா என்பது சந்தேகம்.

அனந்தராமன் விஞ்ஞானி. சிரிப்பார், அல்லது கோபப்படுவார் என்று தேவராஜ் எதிர்பார்த்தார். அவர் இரண்டும் செய்யவில்லை. அந்தத் தோட்டில் என்ன கல் என்று மட்டும் கேட்டார். சிவப்பு என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். பிறந்தநாளுக்காக அவர் வாங்கித் தந்த தோடு அது.

பிறகு சொன்னார், ஓட்ட வேண்டாம் என்று. முதுகானாலும் சரி, இருப்பது இருக்கட்டும். அதையும் இழக்க முடியாது.

கல்பகம் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்துப் பதினைந்து நாட்களுக்குப் பிறகு கணவரிடம் அன்றுதான் பேசினார்.

"பாதி திரும்பிண்டு நிக்கறா. அப்படியே விட்டுடச் சொல்றேளா? கழுத்து வலிக்காதா கொழந்தைக்கு?"

அனந்தராமன் தேவராஜைப் பார்த்து, சரி என்று தலையசைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டு மணி. அந்த நேரத்தைச் சொன்னது கல்பகம்தான். தேவராஜ் மிஷினையும் கம்ப்யூட்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். வெளியே நல்ல வெயில். படம் தெரிவதற்காக ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார்கள். சோபா ஹாலின் நடுவில், நடைவழிக்கு முதுகைக் காட்டிப் போட்டிருந்தது. எதிரே டிவி. சோபாவின் ஒரு ஓரம் அனந்தராமன். மறு ஓரம் கல்பகம். இருவருக்கும் நடுவில் இன்னொருவர் உட்காருகிற அளவு இடம். தேவராஜ் கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலியில், மிஷினுக்குப் பக்கத்தில்.

கல்பகம் புதுப்புடவை கட்டியிருந்தார். மாம்பழ மஞ்சள். பூ வைத்திருந்தார்.

கம்ப்யூட்டரில் பதிவதற்கான பட்டனையும் தேவராஜ் அழுத்தி வைத்தார். பதியாது என்று தெரியும். தொழில் பழக்கம், அவ்வளவுதான்.

பிறகு ஓட்டினார்.

மிஷின் இழுக்கும்போதே ஒரு கிறீச்சிடல். திரையில் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள், மழைபோல. அதற்கு நடுவில் நடைவழி தெரிந்தது. தோரணம் தெரிந்தது. குழந்தை நடந்தாள். கிரேயான் வாசனை ஹால் முழுக்க வந்தது. மிஷினிலிருந்து வருகிறது என்றுதான் தேவராஜ் நினைத்தார்.

குழந்தை நின்றாள்.

காது. கன்னம். இமை... திரும்பிக்கொண்டே வந்தாள். அவசரமில்லாமல், யாரோ கூப்பிட்டதும் குழந்தைகள் திரும்புவதுபோல. கீறல்கள் அதிகமாகிக்கொண்டே போயின. படம் உடைந்து உடைந்து சேர்ந்தது. ஆனால் முகம் மட்டும் உடையவில்லை.

முழுக்கத் திரும்பினாள்.

முன்பல் இரண்டு விழுந்திருந்தது. ஒரு கன்னம் மிட்டாயால் உப்பியிருந்தது. நேராகக் கேமராவைப் பார்த்தாள். கேமராவைப் பிடித்திருந்தவரைப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும்.

"அப்பா... போதும்பா. கீழ வை."

அலுத்துக்கொள்கிற குரல். கோபமில்லை. பிறந்தநாள் முழுக்கக் கேமராவோடு பின்னாலேயே சுற்றுகிற அப்பாவிடம் எந்தக் குழந்தையும் சொல்லக்கூடியதுதான்.

'கிறீச்' என்று ஒரு சத்தம். டேப் அறுந்தது. திரை நீலமானது.

அனந்தராமன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் கையை எடுத்துவிட்டார். அப்படி ஒரு அழுகையைத் தான் கேட்டதில்லை என்றார் தேவராஜ். ஒன்பது வருடத்து அழுகை. கல்பகம் நகர்ந்து வந்து நடுவில் இருந்த இடத்தில் உட்கார்ந்தார். கணவரின் முதுகில் கை வைத்தார்.

"பாத்தியா கல்பகம்?"

"பாத்தேன்."

"பல்லு... விழுந்திருந்தது. எனக்கு மறந்தே போச்சு."

"ஆமா. ரெண்டு பல்லு."

"என்னைத் திட்டு."

"இனிமே என்னத்தைத் திட்டறது," என்றார் கல்பகம். "எழுந்து மூஞ்சியைக் கழுவிக்கோங்கோ. அவரும் காத்துண்டு உக்காந்திருக்கார். காபி போடறேன்."

தேவராஜ் மிஷினைத் திறந்து பார்த்தார். கேசட்டுக்குள் சுருண்டு கிடந்தது வெறும் பிளாஸ்டிக் நாடா. பொடி ஒட்டாமல், கண்ணாடிபோல எதிர்ப்பக்கம் தெரிந்தது. அதை அனந்தராமன் வாங்கி வைத்துக்கொண்டார். பணம் கொடுக்க வந்தார், தேவராஜ் வாங்கவில்லை. கம்ப்யூட்டரில் பதிந்ததை டிவிடியில் போட்டுத் தரட்டுமா, முதுகு மட்டுமாவது இருக்குமே என்று கல்பகத்திடம் கேட்டார். வேண்டாம் என்றார். அவர் முகத்தில் அழுத சுவடே இல்லை என்பதைத் தேவராஜ் அப்போது கவனித்தார். துக்கம் தாங்காமல் மரத்துப்போயிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டார்.

அன்று இருட்டியபிறகு அதே சாலையில்தான் வீட்டுக்குப் போனார். எந்த வாசனையும் வரவில்லை. பனி மட்டும் இருந்தது.

அதற்குப்பிறகு அந்தத் தம்பதி நன்றாகத்தான் இருந்தார்கள். சாயங்காலத்தில் கடைத்தெரு வழியாகச் சேர்ந்து நடந்து போவார்கள். தேவராஜைப் பார்த்தால் தலையசைப்பார்கள். அனந்தராமன் ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டுக் கும்பகோணம் போய்விட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு யாரும் பயப்பட வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து, கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று தேவராஜ் பழைய பதிவுகளை அழித்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவு வந்தது. அழிப்பதற்குமுன் ஒரு தடவை ஓடவிட்டார். எதிர்பார்த்ததுதான். கீறல்கள், நடைவழி, பின்மண்டை, இரட்டைப் பின்னல். பத்தொன்பது நொடியும் முதுகுதான். முகம் இல்லை. குரல் இல்லை.

பத்தொன்பதாவது நொடி முடிந்து, டேப் அறுந்து, திரை நீலமாகிற கணத்தில்... ஏதோ மின்னியது.

நிறுத்தி, பின்னால் நகர்த்தினார். ஒரே ஒரு பிரேம். நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. இருபது வருடத் தொழிலில், எந்தக் கேமராவிலிருந்தும் அவ்வளவு தெளிவான படத்தை அவர் பார்த்ததில்லை. ஒரு புள்ளி இரைச்சல் கிடையாது. ஜன்னல் திரையின் நூல் இழை தெரிகிறது. நாற்காலியில் இருப்பவரின் சட்டைக் காலரில் இருக்கிற கிழிசல் தெரிகிறது.

அது தேவராஜின் சட்டை.

அந்த ஹாலை, நடைவழிப் பக்கமாக, சோபாவுக்குப் பின்னாலிருந்து எடுத்த படம் அது. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், ஒரு சின்னக் குழந்தையின் கண் மட்டத்தில் கேமரா. எதிரே டிவி நீலமாக எரிகிறது. அதற்கு முன்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். தேவராஜின் பின்மண்டை. அனந்தராமனின் பின்மண்டை.

மூன்றாவதாகத் தெரிவது பின்மண்டை இல்லை, முகம். கல்பகம் டிவியைப் பார்க்கவே இல்லை. சோபாவின் மேல் முழங்காலை ஊன்றி முழுக்கத் திரும்பியிருக்கிறார். சிரித்துக்கொண்டிருக்கிறார். வலது கையைச் சோபாவுக்கு இந்தப்புறம், கேமராவை நோக்கி நீட்டியிருக்கிறார்.

அந்தப் படத்தில் தெளிவில்லாமல் இருந்தது அந்தக் கையின் விரல்கள் மட்டும்தானாம். கேமராவில் அப்படி மங்குவது, லென்ஸைத் தொடுகிற தூரத்தில் இருந்தால்தான்.